விருந்தினர் குறைந்த மணவீடு



மணவீட்டாரின் மனத்தை வாட்டும் துயரங்களுள் வெளியே சொல்லிக்கொள்ள இயலாத ஒன்று உண்டு. அழைத்தவர்களில் பெரும்பகுதியினர் வராமற்போவதே அது. பணம் போனால் கடன் வாங்கலாம். நகை தொலைந்தால் புலம்பலாம். விருந்துக் கூடம் வெறிச்சோடிக் கிடந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

மயிலாப்பூரிலோ, தியாகராய நகரிலோ, அடையாறிலோ ஒரு மண்டபத்தை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். ஆயிரம் பேருக்கு அழைப்பு. எழுநூறு பேருக்குச் சமையல். நிக்காஹ் இனிதே நிறைவேறி, துஆவும் ஓதியாயிற்று. முதற் பந்தியில் அமர்ந்தவர்களோ நூற்றைம்பது பேர்தாம். இரண்டாவது பந்திக்கு ஆள் இல்லை. அடுத்த தேக்சாவின் தம்மை உடைக்கலாமா என்று பண்டாரி வந்து கேட்கிறார். பெண்ணைப் பெற்றவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறார். சம்பந்தி வீட்டாரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. பெண்கள் பகுதியில் யாரோ ஒரு மூதாட்டி, "கூட்டமே இல்லையே!" என்று கூறிய சொல் மணமகளின் காதில் விழுந்துவிடுகிறது.

இந்நிலையில் ஒரு முஸ்லிம் குடும்பம் என்ன செய்ய வேண்டும்? மார்க்கம் இதற்கு வழிகாட்டியிருக்கிறதா? தெளிவாகவே வழிகாட்டியிருக்கிறது.

நிக்காஹ்வின் நிறைவு எதில் உள்ளது?

நிக்காஹ் செல்லுபடியாவதற்கு எவையெவை வேண்டும் என்பதைத் திருமணம் பேசும்போது நாம் அனைவரும் அறிந்திருக்கிறோம். பந்தி நடக்கும்போது மறந்துவிடுகிறோம். மணமகளின் வலீ, இரு சாட்சிகள், ஈஜாப் கபூல் என்னும் ஒப்புதல் ஆகியவை அமைந்து, மஹரும் உறுதியானால் அல்லாஹ்வின் முன்னிலையில் அந்தப் பிணைப்பு முழுமையாகிவிடுகிறது. அறுநூறு பேர் வராததால் அதில் ஓர் இழையும் அறுந்துவிடுவதில்லை.

திருமணத்தைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளைதான். மறைவாக நடக்கும் உறவிலிருந்து மணவாழ்வு வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பதே அதன் கருத்து. மஹல்லாவினர் அறிய நிக்காஹ் ஓதி, ஜமாஅத்தின் தஃப்தரில் கையொப்பமிட்டு, 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாள்களுக்குள் அரசுப் பதிவேட்டிலும் பதிந்துவிட்டால் அந்த நோக்கம் நிறைவேறிவிடுகிறது.

வரலாற்றைச் சற்றே புரட்டுங்கள். மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், கடைத்தெருவில் பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுப் பொருளீட்டினார்கள். சில நாள்கள் கழித்து அவர்களது ஆடையில் மஞ்சள் நிற நறுமணப் பூச்சின் அடையாளத்தைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் செய்தி என்னவென்று வினவினார்கள். அன்ஸாரிப் பெண் ஒருவரை மணந்துகொண்டதாகவும், பேரீச்சங்கொட்டை எடைத் தங்கத்தை மஹராக அளித்ததாகவும் அந்தத் தோழர் கூறினார்கள். ஓர் ஆட்டை அறுத்தேனும் வலீமா கொடுக்குமாறு நபிகளார் பணித்தார்கள்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அதே ஊரில், அத்துணை நெருக்கமான தோழரின் நிக்காஹ் நடந்திருக்கிறது. அந்த அவையில் அகிலத்தின் அருட்கொடையான அண்ணலார் இல்லை! தம்மை ஏன் அழைக்கவில்லை என்று அவர்கள் கேட்கவுமில்லை. ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் புதிதாக மணமுடித்த செய்தியும் ஒரு பயணத்திலிருந்து திரும்பும் வழியில்தான் நபிகளாருக்குத் தெரியவந்தது. நபிகளார் பங்குகொள்ளாத அந்தத் திருமணங்களுக்கு எந்தக் குறையும் நேர்ந்துவிடவில்லை. அப்படியிருக்க, நமக்குத் தெரிந்த செல்வந்தர் ஒருவர் வரவில்லை என்பதற்காக நம் இல்லத்துத் திருமணம் குன்றிப்போய்விடுமா?

மழையும் நோயும் தந்த பாடம்

நமது சென்னை மாநகரமே இப்பாடத்தை இருமுறை கற்றிருக்கிறது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் பெய்த மழையை யாரால் மறக்க முடியும்? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. இரயில்கள் நின்றன, விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது, தொலைபேசிகள் ஊமையாயின. அந்த வாரத்தில் நாள் குறித்திருந்த மணவீடுகளுக்கு வெளியூர் விருந்தினர் எப்படி வந்து சேர முடியும்? அடுத்த தெருவில் இருந்தவரே இடுப்பளவு நீரைக் கடக்க வேண்டியிருந்ததே!

பின்னர் 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் வந்தது. திருமணத்திற்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அரசே வரையறுத்தது. 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை எழுந்தபோது 100 பேர் என்றும், பிறகு 50 பேர் என்றும் மீண்டும் கட்டுப்பாடு வந்தது. எத்தனையோ நிக்காஹ்கள் வீட்டுக் கூடத்தில், பேஷ் இமாமும் இரு குடும்பத்தாரும் மட்டும் அமர்ந்திருக்க ஓதப்பட்டன. அவ்வாறு மணந்தவர்களின் பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் செல்கிறார்கள். கூட்டம் இல்லாமல் மணந்த தம்பதியர் என்று அவர்களை எவரேனும் குறைத்துப் பேசுகிறோமா? அன்று சட்டத்தின் பேரால் ஏற்றுக்கொண்ட சிறு கூட்டத்தை, இன்று அல்லாஹ்வின் நாட்டத்தின் பேரால் ஏற்றுக்கொள்வது ஏன் கடினமாக இருக்கிறது? அன்று எல்லார் வீட்டிலும் ஐம்பது பேர். இன்று நம் வீட்டில் மட்டும் குறைவு. உறுத்துவது இந்த ஒப்பீடுதான். அது மதிப்பைப் பற்றிய கவலையே ஒழிய, மணத்தைப் பற்றிய கவலையன்று.

வராதவர் மீது வருத்தம் வேண்டாம்

அழைப்பை ஏற்பது ஒரு முஸ்லிமின் மீது இன்னொரு முஸ்லிமுக்குள்ள உரிமைகளுள் ஒன்று. வலீமா அழைப்பைக் காரணமின்றிப் புறக்கணிப்பவர் அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் மாறு செய்தவராவார் என்னும் கடுமையான எச்சரிக்கை நபிமொழியில் வந்துள்ளது. ஷாஃபிஈ மத்ஹபில் வலீமாவுக்குச் செல்வது கடமை என்பதே வலுவான கருத்து. ஹனஃபி மத்ஹபில் அது வலியுறுத்தப்பட்ட சுன்னத்து. ஆதலால் அழைக்கப்பட்டோரே, வர இயலாவிட்டால் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல், மணவீட்டாரின் அடுப்பில் ஒரு தேக்சா சோறாக வேகிறது.

ஆயினும் மணவீட்டாரே, மார்க்கம் தகுந்த காரணங்களுக்கு இடமளித்திருப்பதையும் மறவாதீர்கள். ஒரு மழைநாளில், இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பாங்கு சொல்பவரை அழைத்து, தொழுகைக்கு வாருங்கள் என்று கூறுவதற்குப் பதிலாக, இல்லங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கச் சொன்னார்கள். அன்று வெள்ளிக்கிழமை! மக்கள் வியப்புற்றபோது, தம்மினும் சிறந்தவரான நபிகளாரே இவ்வாறு செய்திருப்பதாகவும், சேற்றிலும் வழுக்கலிலும் மக்களை நடக்கவைக்கத் தாம் விரும்பவில்லை என்றும் விளக்கினார்கள். ஜும்ஆவுக்கே மழை காரணமாகுமானால், நம் பிரியாணி விருந்துக்கு அது காரணமாகாதா?

மழை மட்டுமா? ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரு குடும்பத்துக்கு மூன்று திருமண அழைப்புகள் வருகின்றன. உஸ்மான் சாலையின் நெரிசலில் ஒரு மணி நேரம் கழிந்துவிடுகிறது. மெட்ரோ சுரங்கப் பணிக்காக லஸ் முனையிலும் பனகல் பூங்காப் பக்கத்திலும் அண்மை ஆண்டுகளில் பாதைகள் திருப்பிவிடப்பட்டு, வழி தவறித் திரும்பியோரும் உண்டு. வீட்டில் ஒருவர் நோயுற்றிருப்பார். பரிசுப் பொருள் வாங்கக் கையில் பணமில்லாமல் கூச்சப்பட்டு நின்றவரும் இருப்பார். அவர் அதை ஒருபோதும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

எனவே மறுநாள் காலையில் பட்டியலை விரித்துவைத்து, யார் யார் வரவில்லை என்று கோடிடும் வேலையைக் கைவிடுங்கள். ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்குமாறு திருமறை 49-ஆம் அத்தியாயத்தில் இறைவன் கட்டளையிடுகிறான். வராதவரின் வீட்டுக்கு ஒருவாரத்தில் நீங்களே தொடர்புகொண்டு, "நலமாக இருக்கிறீர்களா? உங்களைக் காணவில்லையே என்று தேடினோம்" என்று மட்டும் கேளுங்கள். நோயுற்றவரானால் நலம் விசாரித்த நன்மை உங்களுக்குக் கிட்டும். அலட்சியமாக இருந்தவரானால் அவரே வெட்கப்படுவார். "அவன் வீட்டுத் திருமணத்துக்கு நான் போகமாட்டேன்" என்று சபதம் செய்து, ஒரு வேளை விருந்துக்காக இரு தலைமுறை உறவை முறித்துக்கொண்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

இன்னும் சிலர், கூட்டம் குறைந்ததைச் சகுனம் என்பார்கள். பெண்ணின் ராசி என்று கூடப் பேசத் துணிவார்கள். சகுனம் பார்ப்பதை நபிகளார் (ஸல்) அடியோடு மறுத்துவிட்டார்கள். இத்தகைய பேச்சு எழும் இடத்திலேயே குடும்பத்துப் பெரியவர்கள் அதைத் தடுத்துவிட வேண்டும். புதுமணப் பெண்ணின் உள்ளத்தில் ஊன்றிய முள், ஆண்டுகள் பல கடந்தும் உறுத்திக்கொண்டிருக்கும்.

வந்தவர்களே விருந்தினர்

வராதவர்களை எண்ணி வாடும் முகத்தை, வந்தவர்களுக்குக் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் அநீதியாகும். நெரிசலையும் வெயிலையும் பொருட்படுத்தாது வந்த நூற்றைம்பது பேரும் உங்களுக்காகவே வந்திருக்கிறார்கள். ஆயிரம் பேர் வந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு ஸலாமும் ஒரு புன்னகையும்தான் கிடைத்திருக்கும். இப்போது அருகில் அமர்ந்து நலம் விசாரிக்கலாம். மணமக்களை ஒவ்வொருவரிடமும் அழைத்துச் சென்று துஆ பெறலாம். அங்கொருவர் இங்கொருவராகச் சிதறி அமரவிடாது எல்லாரையும் முன்வரிசையில் ஒன்றாக அமர்த்துங்கள். மிகுந்த நாற்காலிகளை மடித்து ஓரமாக வைக்கச் சொல்லுங்கள்.

கைபர் போர் முடிந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை நபிகளார் மணந்தபோது நடந்த வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்புகள் விரிக்கப்பட்டன. அவரவரிடம் இருந்த பேரீச்சம்பழமும் பாலாடைக் கட்டியும் நெய்யும் அதில் சேர்க்கப்பட்டன. உடன் பயணம் செய்தவர்களே விருந்தினர். அதை நினைவிற்கொண்டால், எந்தச் சிறு கூட்டமும் நமக்குச் சிறியதாகத் தோன்றாது.

அடுப்பில் இருக்கும் அமானிதம்

இனி, சமைத்த உணவின் செய்திக்கு வருவோம். உணவு அல்லாஹ்வின் அருட்கொடை. அதைக் குப்பையில் கொட்டுவது வீண்விரயம். வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று திருமறை 17-ஆம் அத்தியாயம் கண்டிக்கிறது.

பண்டாரியிடம் முன்னதாகவே பேசிவையுங்கள். எல்லாத் தேக்சாக்களையும் ஒரே நேரத்தில் ஏற்றாமல், கடைசித் தேக்சாவுக்குரிய அரிசியை ஊறவைக்காமல் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். ஊறாத அரிசியை வீட்டுக்குத் திரும்ப எடுத்துச் செல்லலாம். ஊறிய அரிசி காத்திராது. கூட்டம் வருவது தெரிந்தபின் அதை ஏற்றினால் போதும். இருவரின் உணவு மூவருக்கும், மூவரின் உணவு நால்வருக்கும் போதும் என்ற நபிமொழி நமக்குத் துணையாக இருக்கிறது.

சமைத்தாகிவிட்டதெனில் காலம் தாழ்த்தாதீர்கள். தம் உடைக்காத தேக்சாவில் சூடு நெடுநேரம் நிற்கும். திறந்து ஆறவிட்ட சோறோ இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் இருக்கலாகாது. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் வித்து சமைத்த பின்னும் சாவதில்லை. அது உண்டாக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. கெடும் நிலையை அடைந்த பின்னர் ஏழைக்குக் கொடுப்பது தருமமாகாது. நமக்கு உண்ணத் தகாததைப் பிறருக்குத் தருவதைத் திருமறை தடுத்திருக்கிறது. சுடச்சுட, சுத்தமான பாத்திரத்தில், முதற் பந்தி முடியும் முன்பே அனுப்பிவிடுங்கள். மீந்த உணவைத் திரட்டி வழங்குவதற்கு 2019-ஆம் ஆண்டில் நாடு தழுவிய விதிகளே வகுக்கப்பட்டுள்ளன. 2017-ஆம் ஆண்டில் பல் மருத்துவரான ஈசா ஃபாத்திமா ஜாஸ்மின் என்னும் நம் சகோதரி, பெசன்ட் நகரில் பொதுமக்களுக்கென ஒரு குளிர்ப்பெட்டியை நிறுவி, மிகுதியான நல்லுணவை உடையவர் வைக்கவும் பசித்தவர் எடுத்துக்கொள்ளவும் வழி செய்தார். மனம் இருந்தால் மார்க்கமுண்டு என்பதற்கு அது சான்று.

அண்டை வீட்டாரையும் நினையுங்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான அண்டைவீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றே அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நம் அண்டைவீட்டாருள் புலால் உண்ணாதவர் பலர். அவர்களுக்குப் பழமும் இனிப்பும் அனுப்பி, மணச் செய்தியைப் பகிர்ந்துகொள்வது நமது கடமை.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஆள் வரவில்லை என்பதற்காகப் பண்டாரியின் கூலியிலோ, பரிமாறிய பிள்ளைகளின் கூலியிலோ ஒரு காசும் குறைக்கக் கூடாது. அவர்கள் பேசிய வேலையைச் செய்து முடித்தார்கள். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்குமாறு பணித்த நபியின் உம்மத்தினர் நாம்.

யாரை அழைக்க மறந்தோம்?

இவையனைத்துக்கும் மேலாக, வெற்றிருக்கைகள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கின்றன. செல்வர்கள் அழைக்கப்பட்டு, ஏழைகள் விடப்படும் வலீமாவின் உணவே உணவுகளில் கெட்டது என்று நபிகளார் (ஸல்) எச்சரித்தார்கள். தமிழகத்து ஷாஃபிஈ மதரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், அழைப்பை ஏற்பது கடமையாவதற்கு விதிக்கும் நிபந்தனைகளுள் ஒன்று, அழைத்தவர் செல்வர்களை மட்டும் பொறுக்கியெடுத்து அழைத்திருக்கக் கூடாது என்பது. அப்படி அழைத்தவருக்கு, "ஏன் வரவில்லை?" என்று கேட்கும் உரிமையே குறைந்துவிடுகிறது!

அன்னை ஜைனப் (ரலி) அவர்களின் மணத்தின்போது உம்மு சுலைம் (ரலி) ஒரு பாத்திரத்தில் பலகாரம் செய்து அனுப்பினார்கள். அதைக் கொண்டுவந்த சிறுவர் அனஸ் (ரலி) அவர்களிடம் நபிகளார் சிலருடைய பெயர்களைச் சொல்லி, அவர்களையும், வழியில் சந்திக்கும் எல்லாரையும் அழைத்துவருமாறு ஏவினார்கள். பத்துப் பத்துப் பேராக ஏறத்தாழ முந்நூறு பேர் உண்டார்கள். வழியில் சந்திக்கும் எல்லாரும்! அண்ணலாரின் அழைப்புப் பட்டியல் அவ்வளவு விரிந்தது.

ஆகவே உங்கள் பந்தியில் இடம் மீந்தால், இரு இளைஞர்களை வெளியே அனுப்புங்கள். மண்டபத்தின் காவலாளி, பந்தல் கட்டியவர், ஆட்டோ ஓட்டுநர், தெரு கூட்டும் சகோதரி, ராயப்பேட்டை அரசு மருத்துவமனை வாசலில் நோயாளிக்காகக் காத்திருக்கும் உறவினர், மதரஸாவில் தங்கி ஓதும் பிள்ளைகள் ஆகியோரை அழைத்துவாருங்கள். பொட்டலம் கட்டிக் கையில் திணிப்பதைவிட, அதே நாற்காலியில் அமர்த்தி, அதே தட்டில் பரிமாறுவதே விருந்தோம்பல். அவர்களுள் ஒருவர் உண்டு முடித்து மனமுவந்து கேட்கும் துஆ, வராத நூறு பேரின் வாழ்த்தினும் மணமக்களுக்குப் பயனளிக்கக் கூடும்.

அடுத்து ஒரு திருமணத்துக்கு நாள் குறிக்கும்போது பட்டியலைச் சிறிதாக்குங்கள். வலீமா மணமகன் தன் வசதிக்கேற்பக் கொடுக்க வேண்டிய விருந்து. பெண்ணைப் பெற்றவரைக் கடனாளியாக்கி ஆயிரம் பேருக்குச் சோறு போடச் சொல்வதற்கு மார்க்கத்தில் இடமில்லை. கைபேசியில் நூறு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் அழைப்பிதழை, நூறு பேரும் தமக்கு வந்ததாக எண்ணமாட்டார்கள். வேண்டியவர்களை நேரில் சென்று ஸலாம் சொல்லி அழையுங்கள்; வருவீர்களா என்று கேட்டுக் கணக்கு வையுங்கள். அந்தப் பட்டியலின் முதல் பத்துப் பெயர்கள் உங்கள் மஹல்லாவின் வறியவர்களுடையதாக இருக்கட்டும். அவர்கள் வராமற்போக மாட்டார்கள்.

விருந்தினர் பலரோ சிலரோ, மணமக்களின் வாழ்வில் பரக்கத்தை வைப்பவன் வல்ல அல்லாஹ் ஒருவனே. நம் இல்லங்களில் நடக்கும் திருமணங்களை எளிமையாகவும், நம் பந்திகளை ஏழைகளுக்கு இடமுள்ளவையாகவும், நம் உள்ளங்களை வராதவர் மீது வஞ்சமற்றவையாகவும் அவன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.